அழைப்புப் பட்டியலின் கடைசி ஏழு வரிகள்

முப்பத்தோராண்டு மருத்துவமனைப் பணி முடித்து இன்று விடைபெறும் கணினிப் பிரிவின் மூத்த அலுவலர் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் கலங்கிய கண்களோடு வாசித்தளிக்கும் மடல்

பொறுமையின் பேருருவே! பொருள் புரியாப் பழங்கட்டளைகளின் புதிர் அவிழ்த்த பெருந்தகையே! எழுதியவர் யாரென்றே தெரியாத எழுத்தையும் எடுத்தெறியாமல் எதிரே உட்கார வைத்து நலம் விசாரித்த எங்கள் மூத்தவரே! வணக்கம்.

மூன்றாம் மாடியின் மூலையில், சலவைக்கூடத்து நீராவி சுவரைக் கடந்து வந்து சட்டைக் காலரை நனைக்கும் சின்னஞ்சிறு அறையில், சன்னலோர மேசையில், சாய்வு உடைந்த நாற்காலியில், சலிக்காமல் சளைக்காமல் தாங்கள் வீற்றிருந்த ஆண்டுகள் இருபத்திரண்டு! அதற்கு முன் கீழ்த்தளத்துப் பதிவு மேசையில், வருவோர் பெயரும் வயதும் வலியும் கேட்டுத் தட்டச்சு செய்த ஆண்டுகள் ஒன்பது! இவ்வளவும் முடிந்து இன்று மாலை ஐந்து மணிக்கு அந்த நாற்காலி காலியாகப் போகிறது.

மடல் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். 'தாங்கள்' என்று எழுதியதற்கே நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது இங்கிருந்து தெரிகிறது. ஆகவே இனி 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். பாராட்டு மடலில் பாராட்டு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். இந்த மடலில் பாராட்டோடு இன்னொன்றும் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகச் சொல்லாமல் விழுங்கிய ஒன்றை, நீங்கள் அந்தக் கதவைத் தாண்டுவதற்குள் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதவே ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் முறைப்படி தொடங்கிவிட்டு அதற்கு வருகிறேன்.

கேள்வியின் வேர் தேடியவரே!

நமக்கு வாய்த்த மென்பொருளைப் பற்றி இங்கு கூடியிருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை எழுதிக் கொடுத்த நிறுவனம் எழுதிக் கொடுத்த கையோடு கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. குறிப்பேடு கிடையாது, விளக்கம் கிடையாது, கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளைகள் மட்டும் நானூற்றுச் சொச்சம். 'டெம்ப்' என்று பெயரிட்ட ஓர் அட்டவணையில்தான் பதினைந்து ஆண்டு மருந்து விவரமும் கிடக்கிறது. "தற்காலிகம்னு பேர் வச்சவரு எங்கேயோ ரிட்டயர் ஆகியிருப்பாரு. இது ஆகமாட்டேங்குது" என்று நீங்கள் சொன்னது எங்கள் அறையின் நிரந்தர நகைச்சுவை.

புரியாத கட்டளையைக் கண்டால் எங்களுக்குக் கை பரபரக்கும். வெட்டிவிட்டுப் புதிதாக எழுதலாமே என்று தோன்றும். விசையில் விரல் வைக்கும் நேரத்தில் சன்னலோரத்திலிருந்து ஒரே ஒரு சொல் வரும்: "பொறுங்க." அதனால்தான் உங்களுக்கு 'பொறுங்க மேடம்' என்று பெயர் விழுந்தது. பதிலுக்கு எனக்கு நீங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. இரண்டு பெயர்களும் கச்சிதமாகப் பொருந்தின.

அந்தக் கட்டளைகள் 'எடு' என்றுதான் தொடங்கும். எதிலிருந்து, யாரை, என்ன நிபந்தனையில் என்பதெல்லாம் பின்னால் வரும். நீங்கள் அப்படிப் படிக்க விட மாட்டீர்கள். "எதிலிருந்துங்கற எடத்துல ஆரம்பிங்க. அப்புறம் யாரு. எடுக்கறது கடைசியில வரட்டும். நம்ம வாய்க்கு அப்படித்தானே வரும்?" என்பீர்கள். அப்படியே நாற்பது வரிக் கட்டளையையும் எழுந்து நின்று வாய்விட்டுப் படிப்பீர்கள். படித்து முடித்ததும் நீல அட்டை நோட்டில் மூன்று கேள்விகளை எழுதுவீர்கள். இது எதிலிருந்து எடுக்கிறது? இது யாரை விட்டுவிடுகிறது? இதை யார் கேட்டார்கள்?

முதல் கேள்விக்கு விடை கணினியிலேயே கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் நீங்கள் படியிறங்கிப் போவீர்கள். வார்டுக்கு, மருந்தகத்துக்கு, பிணவறைக்குக்கூட. "இந்த வரி உங்களுக்காகத்தான் எழுதியிருக்கும்போல. என்ன சங்கதி?" என்று கேட்டுக்கொண்டு நிற்பீர்கள். கணினிப் பிரிவுக்காரர்கள் கீழே வந்தால் ஏதோ பழுதாகிவிட்டது என்று பயந்த காலத்தில், உங்களைக் கண்டால் மட்டும் நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

கட்டில் இருபத்தேழின் கதையைச் சொல்லாமல் போனால் பெண்கள் வார்டின் தலைமைச் செவிலியர் என்னை விடமாட்டார். கட்டில் ஒதுக்கும் கட்டளையில் 'எண் இருபத்தேழைத் தவிர' என்று ஒரு நிபந்தனை இருந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. நான் அதை நீக்கிவிடலாம் என்றேன், வழக்கம்போல. நீங்கள் கீழே போனீர்கள். தலைமைச் செவிலியர் ஒரு மூலையைக் காட்டினார். "முன்னாடி கால் உடைஞ்ச கட்டில் மேடம் அது. மாத்தி ரெண்டு வருஷமாச்சு. நல்ல கட்டில். கம்ப்யூட்டர் யாருக்கும் குடுக்கமாட்டேங்குது, நாங்களும் துணி மூட்டைய வச்சிருக்கோம்." அன்று மாலையே அந்த நிபந்தனையை நீக்கினீர்கள். மறுநாள் இருபத்தேழில் ஒரு பெண்மணி படுத்திருந்தார். நீங்கள் எதையும் நீக்க விடாதவர் அல்ல, கேட்காமல் நீக்க விடாதவர் என்பதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

புரிந்துகொள்ளவில்லை. இதற்கு மேல் 'நாங்கள்' என்று எழுத எனக்கு உரிமையில்லை. 'நான்' என்றே எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு அச்சாகும் அழைப்புப் பட்டியல் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பரிசோதனை முடிவில் 'உடனே வரவழைக்கவும்' என்று மருத்துவர் குறித்தவர்களின் பட்டியல் அது. தொலைபேசி மேசையில் இருப்பவர் ஒவ்வொரு வீடாக அழைத்துச் சொல்வார். அந்தப் பட்டியலை எடுக்கும் கட்டளை நாற்பத்தொரு வரி. அதன் கடைசி ஏழு வரிகள் யாருக்கும் பிடிபடவில்லை. 'இல்லாதவர்களுக்குள் இல்லாதவர்களைச் சேர்' என்று ஏதோ விடுகதை போலிருக்கும். அதற்கு 'வால்' என்று பெயர் வைத்திருந்தோம். அந்த வாலால்தான் பட்டியல் வரப் பதினொரு நிமிடம் ஆனது. "பட்டியல் வர்றதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சிடறேன்பா" என்று தொலைபேசி அண்ணன் தினமும் குத்திக்காட்டுவார். நான் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நீங்கள் நீண்ட விடுப்பில் போனீர்கள். உங்கள் கணவர் ஆறாவது மாடியில் படுத்திருந்தார். அறையில் 'பொறுங்க' சொல்ல ஆளில்லை. நான் வாலை வெட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டு வெட்டவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் வகுத்த முறைப்படிதான், தரவுத்தளத்தின் சோதனை நகலில் ஓட்டிப் பார்த்தேன். வாலோடு இருநூற்றுப் பன்னிரண்டு பெயர், வால் இல்லாமல் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். ஒரு பெயர் குறையவில்லை. நாற்பது நொடியில் பட்டியல் வந்தது. தொலைபேசி அண்ணன் பிஸ்கட் பொட்டலத்தோடு மாடியேறி வந்து என் முதுகில் தட்டினார். நானும் தலை கால் தெரியாமல் மகிழ்ந்தேன்.

அந்தச் சோதனை நகலைத் தயாரித்ததும் நான்தான். நோயாளிகளுடைய உறவினரின் உண்மைப் பெயர்கள் நகலில் இருக்கக் கூடாது என்பது விதி. அவற்றை அழித்துவிட்டு, அட்டவணை பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு நோயாளிக்கும் உறவினர் என்ற இடத்தில் 'அப்பா' என்று நிரப்பினேன். ஒரே வீச்சில் எல்லோருக்கும். ஏற்கனவே அந்த இடம் காலியாக இருந்தவர்களுக்கும் சேர்த்து.

அந்த வால் காலியாக இருந்தவர்களுக்காக எழுதப்பட்டது. பட்டியல் கட்டளை, நோயாளர் அட்டவணையையும், அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கள் உள்ள உறவினர் அட்டவணையையும் ஒன்றோடொன்று சேர்த்து, இரண்டிலும் இருப்பவர்களை மட்டும் எடுக்கிறது. உறவினர் என்று ஒருவரையும் எழுதாதவர், பிழைச் செய்திகூட இல்லாமல் உதிர்ந்துபோவார். அப்படி உதிர்ந்தவர்களைத் தேடிப் பொறுக்கிப் பட்டியலின் அடியில் வீட்டு முகவரியோடு சேர்ப்பதுதான் அந்த ஏழு வரிகளின் வேலை. அடியில் வரும் பெயர்களை வெளிப்பணிச் செவிலியர் எடுத்துக்கொண்டு நேரில் நடந்து போய்ச் சொல்லுவார். என் நகலில் உறவினர் இல்லாதவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லோருக்கும் ஓர் அப்பாவை நான் கொடுத்திருந்தேன். பொறுக்கி எடுக்க ஆளில்லாததால் வாலுக்கு வேலையில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

எண்பத்து மூன்று நாள் கழித்து நீங்கள் திரும்பி வந்தீர்கள், கணவரை அனுப்பிவைத்துவிட்டு. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தலையை அசைத்துவிட்டு மேசையில் கிடந்த அன்றைய பட்டியலைக் கையில் எடுத்தீர்கள். அதன் அடியில் முகவரியோடு ஒரு பெயரும் இல்லாததை ஒரு நிமிடம் பார்த்தீர்கள். பிறகு வெளிப்பணிச் செவிலியரைத் தேடிக்கொண்டு கீழே போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். "இப்பல்லாம் நடக்கறதில்லையாம்மா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேரே வர்றதில்லக்கா. எல்லாருக்கும் சொந்தக்காரங்க கிடைச்சுட்டாங்கபோல."

உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அன்று நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாடிக்கு வந்து உட்கார்ந்து, ஏழு வரிகளையும் பழைய பிரதியிலிருந்து எடுத்து, நின்று வாய்விட்டுப் படித்து, திரும்பச் சேர்த்து ஓட்டினீர்கள். உதிர்ந்தவர்கள் பத்தொன்பது பேர். பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களும் செவிலியரும் நானும் தெருத்தெருவாகப் போனோம். பதினெட்டுப் பேரைச் சமயத்துக்குள் பிடித்துவிட்டோம்.

பத்தொன்பதாமவர் பேருந்து நிலையத்து மதில் ஓரம் உட்கார்ந்து சாவி செய்பவர். அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று நம்மை வரவேற்றார். பரிசோதனை முடிவு வந்து பதினொரு வாரம் ஆகிறது, உடனே வர வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் கோபப்படவே இல்லை. "ஏதாச்சும் இருந்தா நாங்களே கூப்பிடுவோம், கூப்பிடலேன்னா நல்லதுன்னு வச்சுக்கங்கன்னு சொன்னாங்கம்மா. கூப்பிடல. அதான் நான் பாட்டுக்கு இருந்துட்டேன்" என்றார். அன்றே அழைத்து வந்தோம். பதினொரு வாரத்துக்கு முன் வந்திருந்தால் செய்யக்கூடியது எதுவும் இப்போது செய்ய முடியாது என்று மருத்துவர் சொன்னார். ஐந்து மாதம் இருந்தார். கடைசி மாதத்தில் அவர் கட்டிலருகே மாலை நேரங்களில் உட்கார்ந்திருந்தது நீங்கள் ஒருவர்தான். நான் வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கிறேன், பல தடவை.

விசாரணை வந்தது. மாற்றப் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு: செய்தவர், சரிபார்த்தவர். செய்தவர் கட்டத்தில் நம் வழக்கப்படி 'கணினிப் பிரிவு' என்று பொதுவாக எழுதியிருந்தேன். சரிபார்த்தவர் கட்டம் காலி. நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள், யார் போடுவது? விசாரணைக்குப் பதிவேடு போவதற்கு முந்தின மதியம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தில் உங்கள் கையொப்பத்தைப் போட்டீர்கள்.

"மேடம், நீங்க அன்னிக்கு இங்கயே இல்லியே" என்றேன்.

"அந்த வாலை அஞ்சு வருஷமா நாளைக்குப் படிக்கலாம், நாளைக்குப் படிக்கலாம்னு தள்ளிப்போட்டது நான். நோட்டுல எழுதி வச்சிருந்தா நீங்க வெட்டியிருக்கமாட்டீங்க. அப்ப இது என் கையெழுத்துதானே?" என்றீர்கள். பேனாவை மூடிக்கொண்டே மெல்லச் சொன்னீர்கள்: "உங்களுக்கு ரெண்டு புள்ளைங்க படிக்குது. எனக்கு என்ன இருக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை. அறையில் யாருமே திறக்கவில்லை. சரிபார்க்காமல் கையொப்பமிட்டவர் என்று உங்கள் கோப்பில் எழுதினார்கள். அடுத்த மாதம் உங்களுக்கு வர வேண்டிய பிரிவுத் தலைவர் பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. நீங்கள் அதே மேசையில், அதே உடைந்த நாற்காலியில், அவருக்குக் கட்டளைகளைப் படித்துக் காட்டிக்கொண்டு மூன்று ஆண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. 'அவசரம்' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டீர்கள். திட்டாமல் விட்டதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

கையொப்பமிட்ட கரமே! அந்தக் கையொப்பத்தை இன்று நாங்கள் திரும்பப் பெறுகிறோம். இன்று காலை பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் அவர்களிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். வெட்டியவன் நான். நகலைப் பொய்யால் நிரப்பியவன் நான். அம்மையார் அந்த எண்பத்து மூன்று நாளும் இந்தக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் கணவரின் கட்டிலருகே இருந்தார் என்பதற்குத் தொலைபேசி அண்ணன், வெளிப்பணிச் செவிலியர், அச்சுப்பொறி பார்க்கும் பெண், நான் என நாங்கள் நால்வரும் சாட்சி. கண்காணிப்பாளர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கடிதத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். என்னை என்ன செய்வதென்று பிறகு முடிவு செய்வாராம். செய்யட்டும்.

நீங்கள் இப்போது கையை உயர்த்தி 'பொறுங்க' என்று சொல்ல வருவது தெரிகிறது. வாழ்க்கையில் இந்த ஒரு தடவை நான் அவசரப்பட்டே ஆக வேண்டும் மேடம். ஐந்து மணிக்கு மேல் சொல்லி என்ன பயன்?

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல நேற்றே உங்கள் அனுமதியைக் கேட்டோம். "எப்படியும் எல்லாருக்கும் தெரியத்தான் போவுது. சொல்லுங்க. ஆனா நீட்டி முழக்காதீங்க, நடுவுல அழாதீங்க" என்றீர்கள். முதலாவதை முயன்று பார்க்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு வெளிப்பணிச் செவிலியர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். கையில் அன்றைய பட்டியல். அதன் அடிப்பகுதியில், ஏழு வரிகள் பொறுக்கி எடுத்துப் போடும் இடத்தில், ஒரே ஒரு பெயர். "இது நம்ம அக்கா பேருதானே? வேற யாராச்சுமா இருக்கும், இல்ல?" என்று எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். முகவரியைப் பார்த்தோம். வேறு யாரும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் நீங்கள் எங்களிடம் மூச்சுவிடாமல் கீழே போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்பது ஆண்டு நீங்களே எத்தனையோ பேரிடம் கேட்டுத் தட்டச்சு செய்த அதே படிவம். 'தொடர்புக்கு உறவினர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள்.

அந்த நேரம் நீங்கள் கைப்பையோடு உள்ளே வந்தீர்கள். செவிலியர் தாளை நீட்டினார். நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயரைப் படித்து, முகவரியைப் படித்து, எங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். "பாருங்க, வால் வேலை செய்யுது" என்றீர்கள்.

அந்த வரிகள் மூன்று ஆண்டுக்கு முன் நான் வெட்டிய நிலையிலேயே இருந்திருந்தால், 'கூப்பிடல, அப்ப நல்லதுதான்' என்று நீங்களும் இருந்திருப்பீர்கள். நீல அட்டை நோட்டில் அந்த ஏழு வரிகளுக்காக நீங்கள் பிற்பாடு எழுதிய பக்கத்தை அன்று எடுத்துப் பார்த்தேன். எதிலிருந்து எடுக்கிறது என்பதற்கு விடை எழுதியிருக்கிறீர்கள். யாரை விட்டுவிடுகிறது என்பதற்கு 'ஒருவரையும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கேட்டார்கள் என்ற இடத்தில், 'பெயர் தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டும்' என்று மட்டும் இருக்கிறது.

நூறாண்டு வாழ்க என்று முடிப்பது மடல்களின் முறை. எங்களுக்கு இப்போது அத்தனை தூரம் எண்ண மனம் வரவில்லை. வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உங்களுக்கு முதல் சிகிச்சை. அந்த எட்டு மணி நல்லபடியாகக் கழிய வேண்டும். அடுத்த திங்களும் அதற்கடுத்த திங்களும் கழிய வேண்டும். வலி தாங்கும்படியாக இருக்க வேண்டும். நாக்குக்குச் சோறு பிடிக்க வேண்டும். பிறகு ஒரு நாள் நீங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, நாங்கள் எழுதிய எதையாவது பார்த்து முகம் சுளிக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். இதைத்தான் வாழ்த்தாக வைக்கிறோம்.

சந்தனமாலை, சால்வை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் வேறொரு வேலை செய்தோம். இன்று காலை ஆறரை மணிக்கு, பட்டியல் அச்சாவதற்கு முன், உங்கள் படிவத்தைத் திறந்தோம். சோதனை நகலில் இல்லை மேடம், உண்மையான அட்டவணையில். உறவினர் என்ற கட்டத்தில் யாரைப் போடுவது, என்ன முறை போடுவது என்பதில் பெரிய சண்டை. இரத்த உறவு இல்லாதவர்கள் 'மற்றவை' என்ற முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதியைக் காட்டினார் பிரிவுத் தலைவர். "மத்தவைன்னு போட்டீங்கன்னா நான் போனே எடுக்கமாட்டேன்" என்று தொலைபேசி அண்ணன் குதித்தார். தலைவர் யோசித்தார். பிறகு அவரே விசைப்பலகையை இழுத்துத் தன் வரியை முதலில் தட்டினார்.

உங்கள் வழக்கப்படி நின்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தோம். நோயாளர் அட்டவணையில் நீங்கள். உறவினர் அட்டவணையில் நாங்கள். இரண்டிலும் இருப்பவரை எடு. ஏழு மணிக்குப் பட்டியல் வந்தது. ஏழு வரிகள் அப்படியே இருக்கின்றன, இனி யார் கையும் அவற்றில் படாது. அவை இன்று எடுத்துக் கொடுத்த இரண்டு பெயர்களோடு வெளிப்பணிச் செவிலியர் காலையிலேயே போய் வந்துவிட்டார். சிகிச்சை தொடங்கும்வரை பட்டியலில் இருக்கும் உங்கள் பெயர் இன்று அடியில் இல்லை. மேலே, தொலைபேசி எண் உள்ளவர்களோடு இருக்கிறது. ஐந்து எண்கள் இருக்கின்றன. எதை அழைத்தாலும் யாராவது எடுப்போம்.

இப்படிக்கு,

தொடர்புக்கு உறவினர்:

பிரிவுத் தலைவர், சகோதரன் (உண்மையை இன்று காலைதான் அறிந்தவர்)

தொலைபேசி மேசை, தம்பி (ஊருக்கெல்லாம் அண்ணன். பட்டியலில் உங்கள் பெயர் வந்தால் தன் எண்ணைத் தானே அழைத்துக்கொள்வதாக உறுதி கூறியிருக்கிறார்)

வெளிப்பணிச் செவிலியர், தங்கை

அச்சுப்பொறி பார்ப்பவர், மகள் (இந்த முறையை வேறு யாருக்கும் விட்டுத்தர மறுத்துவிட்டார்)

அவசரம், தம்பி